ஒரு கல்யாணத்தைக் கலைத்த புத்தகம்: ‘ஸ்பைடர்மேன்: ஒன் மோர் டே’ தொகுப்பு மதிப்புரை

டாம் ஹாலண்ட் நடிக்கும் நான்காவது ஸ்பைடர்மேன் படத்துக்கு ‘பிராண்ட் நியூ டே’ என்று பெயர் வைத்திருப்பதாக 2025இல் அறிவிப்பு வந்த பிறகு, அந்தப் பெயரின் மூலத்தைத் தேடிக் காமிக்ஸ் பக்கம் வந்தவர்கள் பலர். அது 2008 ஜனவரியில் தொடங்கிய ஒரு காமிக்ஸ் காலகட்டத்தின் பெயர். அந்தக் காலகட்டத்துக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதற்காகவே எழுதப்பட்ட நான்கு இதழ்களின் தொகுப்புதான் ‘ஸ்பைடர்மேன்: ஒன் மோர் டே’. படம் பார்ப்பதற்கு முன் இதை வாங்கிப் படித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பைடர்மேனை அறிமுகம் செய்துகொள்ள இதைவிடப் பொருத்தமற்ற புத்தகத்தை மார்வெல் நிறுவனம் வெளியிட்டிருக்க முடியாது. ஆனால் ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரின் காதலையும் கல்யாணத்தையும் முன்வைத்து அவனுடைய ரசிகர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாக ஒருவரையொருவர் வறுத்தெடுக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், இதைப் படிக்காமல் தீராது.

(சிவகாசியின் லயன் காமிக்ஸோடு வளர்ந்த தலைமுறைக்கு ‘ஸ்பைடர்’ என்றால் கூரிய காதுகளும் வலைத்துப்பாக்கியும் கொண்ட வேறொரு ஆள், பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவர். அவர் கதைகளில் காதல் என்ற பேச்சே கிடையாது. அதனால் எங்களுக்குள் இந்தச் சண்டையும் இருந்ததில்லை.)

புத்தகத்துக்குள் போவதற்கு முன் வழக்கின் பூர்வகதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னாளில் பீட்டரின் மனைவியாகப் போகும் மேரி ஜேன் வாட்சன் பெயரளவில் முதன்முதலாக வருவது 1964இல் வெளியான ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ தொடரின் 15ஆவது இதழில். பீட்டரின் மே பெரியம்மாவும் அவருடைய தோழி அன்னா வாட்சனும் தங்களுக்குள் சம்பந்தம் பேசி முடித்துவிட்டவர்களைப் போல, அன்னாவின் தம்பி வழிப் பெண்ணை ஒரு தடவையாவது வந்து பார் என்று பீட்டரை நச்சரிக்கிறார்கள். அவன் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுகிறான். மறு ஆண்டு 25ஆவது இதழில் அவள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தபோதுகூட முகத்தைச் செடியால் மறைத்து வரைந்து வாசகர்களைக் காக்க வைத்தார்கள். 1966 நவம்பர் தேதியிட்ட 42ஆவது இதழின் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கிறது. உனக்கு ஜாக்பாட் அடித்துவிட்டது, ஒப்புக்கொள் என்று சொல்லிக்கொண்டு, ஜான் ரொமிட்டா வரைந்த சிவந்த கூந்தல்காரி வாசலில் நிற்கிறாள். அமெரிக்கக் காமிக்ஸில் ஒரு பெண்ணின் வருகையை இத்தனை இதழ்களுக்கு இழுத்துப் பிடித்து, இழுத்ததற்கு ஈடாகவும் கொடுத்த கட்டம் இன்னொன்று எனக்கு நினைவில்லை.

அதற்குள் க்வென் ஸ்டேசி வந்துவிட்டாள். 1965 டிசம்பர் தேதியிட்ட 31ஆவது இதழில் கல்லூரித் தோழியாக அறிமுகமாகி, பின்னர் பீட்டரின் காதலியாகி, 1973 ஜூன் தேதியிட்ட 121ஆவது இதழில் இறந்துபோனாள். ஜெர்ரி கான்வே எழுதி கில் கேன் வரைந்த அந்த இதழில், கிரீன் காப்ளின் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேனின் வலை அவள் காலைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நொடியில் அவள் கழுத்தருகே ‘ஸ்னாப்’ என்ற சிறிய ஒலிச்சொல் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. எதிரி தள்ளியதால் செத்தாளா, காதலன் பிடித்ததால் செத்தாளா என்ற விவாதம் அந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. நாயகனின் காதலியை இப்படிக் கொன்றுவிட்டுத் திரும்ப உயிர்ப்பிக்காமல் விடுவது அன்று வழக்கத்தில் இல்லாத துணிச்சல். கல்லூரிகளுக்குச் சொற்பொழிவாற்றப் போன, ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீயை மாணவர்கள் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டார்கள். அடுத்த இதழின் கடைசிப் பக்கம் அதைவிட முக்கியமானது. ஆறுதல் சொல்ல வந்த மேரி ஜேனைப் பீட்டர் கடுஞ்சொல் சொல்லித் துரத்துகிறான். அவள் வாசல்வரை போகிறாள், கதவில் கை வைக்கிறாள், தயங்குகிறாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு அறைக்குள்ளேயே நிற்கிறாள். விளையாட்டுப் பெண் என்று வாசகர்கள் ஒதுக்கி வைத்திருந்தவள் அந்தப் பக்கத்தில்தான் முழு மனுஷியானாள் என்பது என் கருத்து.

1987இல் இருவருக்கும் கல்யாணம். அவ்வாண்டின் சிறப்பிதழான 21ஆவது ஆண்டு மலரில் அது நடந்தது. செய்தித்தாள் சித்திரத் தொடரிலும் அதே சமயத்தில் நடந்தது. போதாக்குறைக்கு ஜூன் 5ஆம் தேதி நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில், பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால், வேடமணிந்த நடிகர்களை நிறுத்தி, ஸ்டான் லீயே முன்னின்று நடத்தியும் வைத்தார். மணப்பெண்ணின் உடையை வடிவமைத்தவர் வில்லி ஸ்மித் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர். கல்யாணத்துக்கு முன்பே, அதே ஆண்டு ஏப்ரலில், அவர் காலமாகிவிட்டார்.

அந்தக் கல்யாணத்தை இருபது ஆண்டுகள் கழித்து இல்லாமல் செய்த புத்தகம்தான் இப்போது நாம் பேசுவது.

2007 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வெளியான நான்கு இதழ்கள் இதில் அடங்கியிருக்கின்றன. கதாசிரியர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி; ஓவியர் ஜோ கசாடா. ஓவியரே அப்போது மார்வெலின் தலைமை ஆசிரியரும்கூட என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். 2006இல் ‘சிவில் வார்’ கதையில் பீட்டர் உலகறியத் தன் முகமூடியைக் கழற்றுகிறான். அதன் விளைவாகக் கிங்பின் என்ற குற்றக்கும்பல் தலைவன் அனுப்பிய ஆள் சுட, குண்டு மே பெரியம்மாவின் மேல் பாய்கிறது. இத்தொகுப்பு தொடங்கும்போது அவர் மருத்துவமனையில் சாகக் கிடக்கிறார். இந்த முன்கதை புத்தகத்தில் போதிய அளவுக்குச் சொல்லப்படவில்லை என்பதால், ‘சிவில் வார்’, ‘பேக் இன் பிளாக்’ இரண்டையும் படிக்காதவருக்கு முதல் இதழே குழப்பம்தான்.

முதல் பகுதியில் பீட்டர், அயர்ன்மேனாகிய டோனி ஸ்டார்க்கிடம் சண்டை போட்டு உதவி கேட்கிறான். மூன்று ஆண்டு கதைகளின் மனக்கசப்பு அந்தச் சண்டையில் இறங்கியிருக்கிறது. படிக்க நன்றாகவே இருக்கிறது. இரண்டாம் பகுதியில் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் ஒரு மந்திரத்தின் மூலம் பீட்டரை ஒரே சமயத்தில் உலகின் பெரிய மூளைகள் அத்தனை பேரிடமும் அனுப்பிவைக்கிறார். ரீட் ரிச்சர்ட்ஸ், டாக்டர் டூம், டாக்டர் ஆக்டோபஸ் எல்லாரும் கையை விரிக்கிறார்கள். புத்தகத்தின் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் விழுகிறது. செத்தவர்கள் பருவத்துக்கு ஒருவராகத் திரும்பி வரும் ஓர் உலகத்தில், ஒரு துப்பாக்கிக் குண்டுக் காயத்தைக் குணப்படுத்த ஒருவராலும் முடியாது என்று சொல்லும்போது, அந்த உலகத்தை நாற்பதாண்டுகள் படித்து வந்த வாசகன் அதை நம்பத் தயாராக இருக்க மாட்டான். கதைக்கு வேறு வழி இல்லை என்று காட்டுவதற்காகக் கதாசிரியர் எழுதிய பக்கங்கள் ஆசிரியர் குழுவுக்கு வேறு வழி தோன்றவில்லை என்பதைத்தான் காட்டுகின்றன.

மூன்றாம் பகுதி வேறு தரத்தில் இருக்கிறது. தெருவில் ஒரு சிவந்த தலைமுடிச் சிறுமி பீட்டரை வழிமறித்துப் பேசுகிறாள். பிறகு தனிமையில் உழலும் பருத்த உடல்வாகு கொண்ட ஒருவர். பிறகு காரில் வரும் ஒரு செல்வந்தர். சிலந்தி கடிக்காமல் போயிருந்தால் பீட்டர் எப்படியெல்லாம் ஆகியிருப்பான் என்பதன் உருவங்கள் அந்த இரு ஆண்களும். சிறுமி யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கிறார்கள். இறுதியில் மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வருகிறான். அவனுக்கு ஆன்மா வேண்டாம்; அது சலித்துப்போன பண்டம். பெரியம்மாவின் உயிருக்கு விலையாக அவன் கேட்பது பீட்டர்–மேரி ஜேன் திருமணத்தை. அது நடந்ததே இல்லை என்று ஆக்கிவிடுவான். இருவருடைய நெஞ்சிலும் ஒரு சின்ன மூலை மட்டும் இழந்ததை நினைத்து ஓலமிட்டுக்கொண்டே இருக்கும், அதைக் கேட்பதுதான் தனக்கு இன்பம் என்கிறான். யோசிக்க ஒரு நாள் அவகாசம்.

நான்காம் பகுதியில் அந்த ஒரு நாள் நடக்கிறது. கசாடாவின் ஓவியத்தைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் கிடையாது. முகங்கள் சில இடங்களில் விறைத்துப்போய் நிற்கின்றன. நிழல் தேவைக்கு மேல் கனக்கிறது. ஆனால் இருவரும் சேர்ந்து நள்ளிரவை எதிர்நோக்கியிருக்கும் பக்கங்களில், ரிச்சர்ட் இசனோவின் மங்கிய வண்ணத்தில், ஓவியம் கதைக்கு உதவுகிறது. பேரத்தின் நிபந்தனைகளைத் தெளிவாகப் பேசி முடிப்பவள் மேரி ஜேன். பீட்டரின் அடையாளம் மறுபடியும் இரகசியமாக வேண்டும் என்று கேட்பவளும் அவளே. பீட்டருக்குக் கேட்காதபடி சாத்தானின் காதில் அவள் ஏதோ சொல்கிறாள். பேரம் முடிந்த பிறகுதான் அந்தச் சிறுமி, இருவருக்கும் பிறந்திருக்கக்கூடிய, இனிமேல் பிறக்கவே போகாத மகள் என்பதைச் சாத்தான் சொல்கிறான். அடுத்த பக்கத்தில் பீட்டர் பெரியம்மா வீட்டில் கண் விழிக்கிறான். பெரியம்மா நலமாக இருக்கிறார், செத்துப்போன நண்பன் ஹாரி ஆஸ்போர்ன் விருந்து கொடுக்கிறான், மேரி ஜேன் அந்த விருந்திலிருந்து கிளம்பிப் போகிறாள்.

இதைப் படித்து முடித்தவுடன் எழும் கேள்வி, நினைவிழந்து கிடக்கும் மே பெரியம்மா விழித்திருந்தால் இந்தப் பேரத்துக்கு ஒப்பியிருப்பாரா என்பது. கதை அதைக் கேட்கவே இல்லை. கேட்டால் கதை நின்றுவிடும். வாழ்ந்து முடித்த ஒருவரின் உயிருக்காக, வாழ வேண்டிய இருவரும் பிறக்க வேண்டிய ஒரு குழந்தையும் பலியாகிறார்கள் என்பதை அவர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார் என்பது, அவரை 1962 முதல் அறிந்த எந்த வாசகருக்கும் தெரியும். பொறுப்பு என்பதையே தன் அடிப்படையாகக் கொண்ட ஒரு நாயகன், தன் குற்றவுணர்வைத் தாங்க முடியாமல் சாத்தானிடம் கையெழுத்துப் போடுகிறான். நூல் முழுக்க அதைத் தியாகம் என்றே அழைக்கிறார்கள். இது என் முதன்மையான ஆட்சேபம். கல்யாணம் போனது இரண்டாம் பட்சம்தான்.

கசாடாவின் தரப்பையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பீட்டர் இளைஞனாக, தவிப்பவனாக, காதலில் தோற்பவனாக இருப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் சாரம். கல்யாணம் அவனுக்கு வயதைக் கூட்டிவிட்டது, கதைகளின் வழிகளை அடைத்துவிட்டது என்று அவர் பல பேட்டிகளில் வெளிப்படையாகவே வாதிட்டிருக்கிறார். விவாகரத்தோ மனைவியின் மரணமோ அவனுக்கு இன்னும் வயதேற்றிவிடும் என்பதால், கல்யாணமே நடக்கவில்லை என்று ஆக்குவதே வழி என்பது அவர் முடிவு. இது பொருளற்ற வாதம் அல்ல. பிராண்ட் நியூ டே காலத்தில் மாதம் மூன்று இதழ்கள் வெளிவந்தன. அவற்றில் துள்ளலான நல்ல கதைகளும் இருந்தன, மிஸ்டர் நெகடிவ் போன்ற உருப்படியான புதிய எதிரிகளும் கிடைத்தார்கள். ஆயினும் மணவாழ்வில் கதை இல்லை என்று நிறுவ வந்த இந்தப் புத்தகத்தில், உயிருள்ள பக்கங்கள் எல்லாம் ஒரு கணவனும் மனைவியும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசும் பக்கங்களாகவே இருக்கின்றன. வழக்குத் தொடுத்தவரின் சாட்சியே எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் பேசிவிட்டது.

கதாசிரியருக்கே இந்த முடிவில் உடன்பாடு இல்லை. கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரை நீக்கிவிடச் சொல்லிக் கேட்டதாகவும், கசாடா பேசிச் சமாதானப்படுத்தியதால் விட்டுவிட்டதாகவும் ஸ்ட்ராசின்ஸ்கி பகிரங்கமாகச் சொன்னார். ஹாரி போதை மருந்துக்கு அடிமையான 1971ஆம் ஆண்டுக் கதைக்கே திரும்பிப் போய், அங்கே ஒரு நிகழ்வை மாற்றி, அதன் விளைவாக எல்லாம் மாறியதாகக் காட்டலாம் என்பது அவர் யோசனையாக இருந்தது. அப்படிச் செய்தால் பழைய இதழ்கள் பலவும் அடிபட்டுப் போகும் என்று தலைமை மறுத்துவிட்டது. அவர்மேல் இரக்கப்படுவதற்கு முன், 2004இல் வெளியான ‘சின்ஸ் பாஸ்ட்’ கதையில் க்வென்னுக்கும், ஹாரியின் தந்தையும் கிரீன் காப்ளினுமான நார்மன் ஆஸ்போர்னுக்கும் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்ததாக எழுதி ரசிகர்களைக் கொதிக்க வைத்தவரும் அவர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிலும் அவர் முதலில் எழுத நினைத்தது வேறு, தலைமை மாற்றச் சொன்னது வேறு. ஒரே எழுத்தாளர், ஒரே நிர்வாகம், சீரழிந்தது இரண்டு பெண்களின் கதை.

இங்கிருந்துதான் ரசிகர்களின் விவாதத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் இந்தப் புத்தகத்தின் பாதி ஆயுள் அந்த விவாதத்தில்தான் இருக்கிறது. க்வென் கட்சி, மேரி ஜேன் கட்சி என்ற பிரிவு 1960களிலேயே உண்டு. க்வென் இறந்ததும் ஒரு தரப்பு அவளைத் தெய்வமாக்கி, மேரி ஜேனை அவள் இடத்தைப் பறித்தவளாகப் பார்த்தது. மறுதரப்பு மேரி ஜேனின் அரட்டைக்குப் பின்னால் இருந்த குடும்பத் துயரத்தைப் பிற்காலக் கதைகளிலிருந்து எடுத்துக்காட்டி, பீட்டரின் இரகசியத்தைத் தொடக்கத்திலிருந்தே அறிந்தும் மறைத்தவள் அவள் என்று வாதாடியது. ஒன் மோர் டேக்குப் பிறகு வழக்கு இன்னும் கிளை விட்டது. சாத்தானிடம் முதலில் தலையாட்டியவள் அவள்தானே என்று ஒரு சாரார். காதில் என்ன சொன்னாள் என்று இன்னொரு சாரார். பெரியம்மாவை விட முடியாமல் தவித்தவன் பீட்டர், அந்தத் தவிப்புக்கு வழி கண்டவள் மேரி ஜேன். ஆனாலும் ரசிகர்களின் நீதிமன்றத்தில் கூண்டில் ஏற்றப்படுபவள் எப்போதும் பெண் பாத்திரமாகவே இருக்கிறாள். 2022இல் தொடங்கிய புதிய வரிசையில் அவளைப் பால் என்ற ஓர் ஆளோடு வாழ விட்டபோதும், எழுதியவர்களைத் திட்டியதற்குச் சமமாக அவளையும் திட்டினார்கள். காகிதத்தில் வரைந்த பெண் தானாக ஒரு முடிவும் எடுப்பதில்லை என்ற எளிய உண்மை இந்த இடத்தில் மறந்துபோகிறது.

அதே மறதி திரைப்படத்துக்கு வரும்போது ஆபத்தாகிறது; ஏனென்றால் அங்கே கூண்டில் நிற்பவர்களுக்கு இரத்தமும் சதையும் இருக்கின்றன. 2014இல் வெளியான ‘தி அமேஸிங் ஸ்பைடர்மேன் 2’ படத்துக்காக மேரி ஜேனாக நடித்த ஷைலீன் வுட்லியின் காட்சிகள் இறுதித் தொகுப்பில் நீக்கப்பட்டன. பீட்டர்–க்வென் உறவில் கவனத்தை நிறுத்துவதற்காக எடுத்த முடிவு என்று இயக்குநர் மார்க் வெப் விளக்கினார். ஆனால் படப்பிடிப்புத் தளப் புகைப்படங்கள் வெளியான நாளிலிருந்தே, மேரி ஜேனாக நடிக்க இவருக்கு அழகு போதாது என்று அவர் தோற்றத்தைப் பற்றி இணையத்தில் பேசப்பட்ட பேச்சு அருவருப்பானது. 2016இல் ஹாலண்டின் ஸ்பைடர்மேன் படத்தில் ஸெண்டயா மேரி ஜேனாக நடிக்கிறார் என்ற செய்தி கசிந்தபோது, அவர் கறுப்பின வம்சாவளியினர் என்பதும் கூந்தல் சிவப்பில்லை என்பதும் பெரிய குற்றங்களாகின. ஒரு பாத்திரத்தின் சாரம் அவளுடைய தோல் நிறத்திலும் தலைமுடியிலும்தான் இருக்கிறது என்றால் அது எத்தனை ஆழமற்ற பாத்திரம் என்ற பொருளில் இயக்குநர் ஜேம்ஸ் கன் அப்போது எழுதினார். கடைசியில் ஸெண்டயா நடித்தது மிஷெல் ஜோன்ஸ் என்ற வேறொரு பெண்ணாக. ஊரெல்லாம் கூச்சல் போட்டது, படத்தில் இல்லாத ஒரு பாத்திரத்துக்காக.

திரையில் ஜோடியாக நடித்தவர்கள் வெளியிலும் ஜோடியானால் இந்த நீதிமன்றத்துக்கு ஓய்வே இருக்காது. பீட்டராகவும் க்வென்னாகவும் நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் எம்மா ஸ்டோனும் காதலித்தபோது க்வென் கட்சிக்குத் தேர்தலில் வென்றதுபோல் ஒரு மகிழ்ச்சி. அவர்கள் பிரிந்ததும் யார் மேல் தவறு என்று, எதையும் அறியாதவர்கள் தீர்ப்பு எழுதினார்கள். தயாரிப்பாளர் ஏமி பாஸ்கல் தன் ஸ்பைடர்மேன் நடிகர்களிடம் உடன் நடிப்பவரைக் காதலிக்க வேண்டாம் என்று தனித்தனியே அறிவுரை சொன்னதாகவும் யாரும் கேட்கவில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஹாலண்டும் ஸெண்டயாவும் 2021 ஜூலையில் காருக்குள் முத்தமிட்டுக்கொண்ட புகைப்படங்கள் வெளியானபோது, தங்கள் தனிமை தங்கள் கையில் இல்லாமல் போனதைப் பற்றி ஹாலண்ட் வருத்தத்தோடு பேசினார். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ‘நோ வே ஹோம்’ படத்தின் முடிவில், டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் மந்திரத்தால் உலகமும் காதலியும் பீட்டரை மறந்துபோகிறார்கள். ஒன் மோர் டேயின் சாயல் என்று பலரும் அதைச் சொன்னார்கள். எனக்கு அந்தப் படத்தின் முடிவு மேலானதாகப் படுகிறது. அங்கே பீட்டர் தன் உறவைத் தானே இழக்கிறான், முழு நினைவோடு இழக்கிறான், அதற்கு முன் மே பெரியம்மாவைக் காப்பாற்றவும் முடியாமல் போகிறது. சாத்தானும் பேரமும் இல்லாமலேயே, இந்தத் தொகுப்பு எதைச் சொல்ல முயன்றதோ அதைப் படம் சொல்லிவிட்டது.

மார்வெல் இந்த முடிவிலிருந்து முழுமையாகப் பின்வாங்கவும் இல்லை, அதை நிம்மதியாக விட்டு வைக்கவும் இல்லை. 2010இல் கசாடாவே எழுதிய ‘ஒன் மொமன்ட் இன் டைம்’ கதை, கல்யாணம் எப்படி நடக்காமல் போனது என்பதை விளக்கப் புறப்பட்டது. கல்யாண நாளன்று பீட்டர் அடிபட்டு மயங்கிக் கிடந்து முகூர்த்தத்தைத் தவறவிட்டான் என்பதே விடை. அந்த விளக்கம் இல்லாமலேயே இருந்திருக்கலாம். 2015இல் ‘ரினியூ யுவர் வாவ்ஸ்’ என்ற மாற்று உலகக் கதையில் கணவன், மனைவி, மகள் ஆன்னி என்று குடும்பமாகவே உலவவிட்டார்கள். 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுதி மார்கோ கெக்கெட்டோ வரைந்த ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ வந்தபோது முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சிட வேண்டியிருந்தது. அதன் பீட்டர் முப்பது வயதைத் தாண்டியவன், மேரி ஜேனின் கணவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மூலக் கதையில் இறந்துவிட்ட பென் பெரியப்பா அங்கே உயிரோடு இருக்கிறார். இறந்துபோனவர் மே பெரியம்மா. கசாடாவுக்கு இதைவிட நயமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

இனி வாங்குவது பற்றி. தொகுப்பு கெட்டி அட்டையிலும் பேப்பர்பேக்கிலும் 2008இல் வெளியானது. பின்னிணைப்பாக ‘மார்வெல் ஸ்பாட்லைட்’ இதழ் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கதை எப்படி உருவானது, அடுத்து என்ன வரப்போகிறது என்பதைப் படைப்பாளிகளின் வாயாலேயே கேட்கலாம். விளம்பர நெடி அடித்தாலும் விவாதத்தில் அக்கறை உள்ளவர்களுக்கு அது பயன்படும். கதை மட்டும் வேண்டும் என்றால் மார்வெல் அன்லிமிடெட் சந்தாவில் நான்கு இதழ்களையும் படிக்கலாம். ஆனால் இதழ்கள் மூன்று வெவ்வேறு தொடர்களில் சிதறிக் கிடப்பதால் வரிசை முக்கியம். ‘அமேஸிங்’ 544, ‘ஃப்ரெண்ட்லி நெய்பர்ஹுட்’ 24, ‘சென்சேஷனல்’ 41, ‘அமேஸிங்’ 545 என்று போக வேண்டும். இதற்காக அச்சுப் புத்தகத்தை இறக்குமதி விலை கொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு ஸ்பைடர்மேன் தொகுப்புதான் வாங்க முடியும் என்பவர், 121, 122ஆவது இதழ்கள் இடம்பெற்ற க்வென் ஸ்டேசி மரணத் தொகுப்பை வாங்கட்டும். காதலும் கல்யாணமும்தான் முக்கியம் என்பவருக்கு ஹிக்மனின் முதல் தொகுதி. இரண்டையும் ஏற்கெனவே படித்துவிட்டு, இந்த ரசிகர்கள் எதற்காக இவ்வளவு கோபப்படுகிறார்கள் என்று இன்னும் வியப்பவர் மட்டும், சந்தாவிலோ பழைய புத்தகக் கடையிலோ ‘ஒன் மோர் டே’யைத் தேடிப் பிடித்து, மூன்றாம் பகுதியையும் நான்காம் பகுதியின் முதற்பாதியையும் நிதானமாகப் படித்துவிட்டு, மீதியை வேகமாகப் புரட்டிவிடலாம்.